வலி நோட்டு

மூடிய கதவுக்குப் பின்னால் கணவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. டிக்கெட்டம்மா தண்ணீர் டம்ளரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

சிரிப்பா? இவரா? மூன்று மாதமாக அவளிடம் 'உம்', 'ம்ஹூம்' தவிர ஒரு வார்த்தை செலவழிக்காத மனுஷனா?

தொடர்ந்து ஒரு பெண் குரல். "போதும் அண்ணா, ரொம்பச் சிரிச்சா வயிறு வலிக்கும்."

அண்ணாவாம், அண்ணா!

இருபத்தாறு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள் அவள். சீருடையைக் கழற்றி மூன்று வருடமாகியும் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் டிக்கெட்டம்மாதான். பெட்டிக்குள் காலை வைத்ததுமே யாரிடம் டிக்கெட் இல்லை என்று சொல்லிவிடுவாள். நிஜமாகத் தூங்குகிறவனின் இமை எப்படி இருக்கும், தூங்குவதுபோல் நடிப்பவனின் இமை எப்படித் துடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி.

அப்பேர்ப்பட்டவள் இப்போது சொந்த வீட்டில், சொந்தப் புருஷனின் அறைக் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"இப்ப வலி எவ்வளவு அண்ணா? பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"ஏழு."

"ராத்திரி?"

"எட்டைத் தொட்டுடுச்சு சிஸ்டர். விடியறப்போதான் கொஞ்சம் இறங்கிச்சு."

டம்ளரில் இருந்த தண்ணீர் அவள் காலில் கொட்டியது. கவனிக்கவே இல்லை.

அரை மணி நேரத்துக்கு முன்னால் இதே கேள்வியை அவளும் கேட்டிருந்தாள். 'எவ்வளவுங்க?' ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்ன பதில், 'ரெண்டு.'

யாரோ ஒருத்தியிடம் பொய் சொல்கிறார். யாரிடம்? கதவுக்கு இந்தப்பக்கம் நின்றாலும் அந்தக் குரலை எடைபோட அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ஏழு என்ற குரலில் நடிப்பே இல்லை. உண்மை அவளுக்கு. பொய் எனக்கு.

முப்பத்தொரு வருடக் குடித்தனம். வேறு எவளோடாவது ஓடிப்போயிருந்தால்கூட நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்டிருக்கலாம். மூன்று வாரமாக ஸ்கூட்டரில் வந்துபோகிற ஒரு நர்ஸிடம் வலியைக் கொடுத்துவிட்டு, கட்டின பெண்டாட்டியிடம் ஜன்னலைப் பார்க்கிறாரே, இதை எந்தக் கோர்ட்டில் சொல்வது?

கதவு திறந்தது. டிக்கெட்டம்மா சட்டென்று குனிந்து தரையில் சிந்தின தண்ணீரைத் துடைப்பதுபோல் பாவனை செய்தாள்.

நர்ஸுக்கு நாற்பது வயது இருக்கும். தோளில் பை, கையில் ஹெல்மெட். ஊரில் பத்திருபது பேர் சேர்ந்து நடத்தும் வீட்டுப் பராமரிப்புக் குழுவில் வேலை. இனிமேல் குணப்படுத்த ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரி கைவிரித்தவர்களை, கடைசி வரைக்கும் அவரவர் கட்டிலிலேயே வலியில்லாமல் வைத்துக்கொள்வதுதான் குழுவின் காரியம். ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், நாற்பது வீடு. மற்றவர்களெல்லாம் தொண்டர்கள்.

"அக்கா, டாக்டர்கிட்டப் பேசிட்டேன். மாத்திரை அளவை ஏத்தியிருக்கோம்" என்றாள் நர்ஸ். பையிலிருந்து நீல அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்தாள். "இன்னையிலிருந்து இது உங்க வேலை. காலை, மத்தியானம், சாயங்காலம்னு மூணு வேளை கேளுங்க. அவர் என்ன எண் சொல்றாரோ அதை எழுதுங்க. நீங்க நினைக்கிறதை இல்ல, அவர் சொல்றதை."

"எழுதினா?"

"தினமும் ஒன்பது மணிக்குக் கணக்கு சார் போன் பண்ணுவார். அவர்கிட்ட வாசிச்சிடுங்க. அஞ்சுக்கு மேல இருந்தா நான் அன்னைக்கே வந்துடுவேன். ரெண்டு மூணுன்னு இருந்தா அந்த நேரத்துல வேற வீட்டைப் பார்ப்பேன். எப்படியும் அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு தடவை வருவேன்."

அப்புறம் ஒரு சின்ன பாட்டிலையும் ஊசியில்லாத சிரிஞ்சையும் காட்டினாள். திரவ மார்ஃபின். திடீரென்று வலி ஏறினால், போனில் கேட்டுவிட்டு, சொல்கிற அளவைக் கன்னத்துக்குள் விடவேண்டும்.

"இன்னொண்ணு அக்கா. வாய் ஒரு எண்ணும் முகம் ஒரு எண்ணும் சொன்னா உடனே எனக்குப் போன் பண்ணுங்க. முகம் பார்க்கறதுல உங்களை யார் ஏமாத்த முடியும்?" சிரித்துக்கொண்டே படியிறங்கினாள்.

டிக்கெட்டம்மா சிரிக்கவில்லை. ரெண்டு மூணு என்று இருந்தால் இவள் வரமாட்டாள். அந்த ஒரு வாக்கியம்தான் மூளைக்குள் ஆணியடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் நோட்டும் பேனாவுமாகக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்தவர். நல்ல வாட்டசாட்டமான ஆள். இப்போது போர்வைக்குள் யாரோ நாலைந்து குச்சிகளை ஒளித்துவைத்த மாதிரி கிடந்தார்.

"எவ்வளவுங்க?"

"ரெண்டு."

நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. கீழுதட்டில் பல் பதிந்த தடம். போர்வையின் ஓரம் அவர் விரல்களுக்குள் கசங்கிக் கொண்டிருந்தது. ஆறாவது இருக்கும். குறைந்தது ஆறு.

கேட்டிருக்கலாம். 'நிஜத்தைச் சொல்லுங்க' என்று ஒரு வார்த்தை. அல்லது பேசாமல் போனை எடுத்திருக்கலாம்.

எழுதினாள். 2.

அவர் சொன்னதைத்தானே எழுதினேன்? விதியும் அதுதானே?

மறுநாள் ஒன்பது மணிக்கு டாண் என்று போன். கணக்கு சார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வீட்டு எண்களையும் போனில் வாங்கி எழுதுவது அவர் தொண்டு.

"சொல்லுங்கம்மா."

"ரெண்டு. ரெண்டு."

"ஆஹா! புது டோஸ் நல்லா வேலை செய்யுது. சிஸ்டருக்குச் சொல்லிடறேன். இன்னைக்கு அவங்களை ரெண்டு தெரு தள்ளி ஒரு புது வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"தாராளமா" என்றாள் டிக்கெட்டம்மா. போனை வைத்ததும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. போகட்டும். புது வீட்டில் போய் 'அண்ணா' என்று கூப்பிடட்டும்.

பதினொரு மணிக்கு, வழக்கமாக ஸ்கூட்டர் சத்தம் கேட்கும் நேரத்துக்கு, அவர் தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தார். பதினொன்றரைக்கு ஒரு தடவை. பன்னிரண்டுக்கு வாய் விட்டே கேட்டார்.

"சிஸ்டர் வரலையா?"

"உங்களுக்கு ரெண்டுதானே? ரெண்டுக்கெல்லாம் வரமாட்டாங்களாம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இமை துடித்தது.

அது அவளை இன்னும் கிளறிவிட்டது. பார், அவள் வரவில்லை என்றதும் முகம் சுருங்குகிறதைப் பார்! நான் மூணு வேளை துடைக்கிறேன், திருப்பிப் படுக்க வைக்கிறேன், கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டுகிறேன். எனக்கு 'உம்'. அவள் அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்தால் அவளுக்குச் சிரிப்பு, பேச்சு, ஏழு, எட்டு, எல்லாம்!

இரண்டாம் நாளும் ரெண்டு. மூன்றாம் நாளும் ரெண்டு. நான்காம் நாள் நர்ஸே கூப்பிட்டாள்.

"என்னக்கா, ஒரே ரெண்டா வருது? சந்தோஷம்தான். அண்ணாகிட்ட ஒரு நிமிஷம் போனைக் கொடுங்களேன்."

டிக்கெட்டம்மா அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அவர் விழித்துத்தான் கிடந்தார். கால்களை வயிற்றோடு மடக்கி, மூச்சைச் சின்னச் சின்னதாக இழுத்துக்கொண்டு.

"தூங்கறாரு" என்றாள்.

இருபத்தாறு வருடமாக அடுத்தவர் பொய்யை மோப்பம் பிடித்தவள் அவள். தன் வாயிலிருந்து வந்த பொய் இவ்வளவு சுத்தமாக, ஒரு பிசிறு இல்லாமல் இருந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

"நல்லாத் தூங்கட்டும் அக்கா. நீங்க கூட இருந்தாப் போதும், வேறென்ன வேணும்" என்று சொல்லி நர்ஸ் வைத்துவிட்டாள்.

அந்த நல்ல வார்த்தைதான் உறுத்தியது. ஆனாலும் நோட்டில் ரெண்டு மாறவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. டிக்கெட்டம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அறையிலிருந்து ஒரு சத்தம். முனகல் இல்லை. மரப்பலகை உராய்கிற மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தாள்.

அவர் கட்டிலின் தலைப்பக்கத்துச் சட்டத்தைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க! ஐயோ, ஏங்க!" தலையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "எவ்வளவு? எவ்வளவு இருக்கு?"

உதடு அசைந்தது. காற்றாக வந்தது பதில்.

"ரெ... ரெண்டு."

ஆறு நாள் அடைத்து வைத்திருந்தது அத்தனையும் உடைந்தது.

"பொய்! யார்கிட்டச் சொல்றீங்க பொய்? அவகிட்ட ஏழு, என்கிட்ட ரெண்டா? கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன் நான்! நான் என்ன வேத்து மனுஷியா? வழிப்போக்கியா? அவ உங்களுக்கு யாரு, நான் யாரு?"

அவர் கண்ணைத் திறந்து அவளை நேராகப் பார்த்தார். மூன்று மாதத்தில் முதல் தடவை.

"முதல்ல உன்கிட்டத்தான் சொன்னேன்" என்றார், வார்த்தை வார்த்தையாக. "ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு. எட்டுன்னேன். ஞாபகமில்ல? மூணு நாள் நீ சோறு தின்னல. நாலாவது நாள் குளியலறையில மயங்கி விழுந்தே. நான் கட்டில்ல கிடந்துகிட்டு, எழுந்து வந்து தூக்கக்கூட முடியாம, கத்தினேன்... மேல்வீட்டுக்காரர் வந்து தூக்கினார்."

அவள் அவர் நெற்றி வியர்வையைத் தலைப்பால் ஒற்றினாள்.

"சிஸ்டர்கிட்டச் சொன்னா அவங்க மருந்தை ஊத்துவாங்க. உன்கிட்டச் சொன்னா நீ உன்னையே ஊத்திடுவே. அதான்."

பேசி முடித்ததும் உடம்பு வில்லாக வளைந்தது.

டிக்கெட்டம்மா போனை எடுத்துக் குழுவைக் கூப்பிட்டாள். மறுமுனையில் கணக்கு சார்.

"என்னம்மா இந்த நேரத்துல?"

"மருந்து கொடுக்கணும். பாட்டில்ல இருக்கிற மருந்து. எவ்வளவு ஊத்தறது? சீக்கிரம் சொல்லுங்க."

"இருங்கம்மா, பதட்டப்படாதீங்க. உங்க எண்ணெல்லாம் என் கண்ணு முன்னாடிதான் இருக்கு. ஆறு நாளா ரெண்டு. இன்னைக்குக் காலையிலகூட ரெண்டு. திடீர்னு ஏறிச்சா? புதுசா வேற எங்கயாவது வலியா?"

"இல்ல சார். அந்த எண்ணெல்லாம் பொய்."

"என்னம்மா சொல்றீங்க?"

"அவர் என்கிட்ட மறைச்சுச் சொன்னார். மறைக்கிறார்னு தெரிஞ்சே நான் எழுதினேன். ஆறு நாளும். திட்டறதை அப்புறம் திட்டுங்க. இப்ப அளவைச் சொல்லுங்க."

வாத்தியார் குரல் வந்தது, கறாராக. "டாக்டரை லைன்ல எடுக்கறேன். அதுக்குள்ள அவர்கிட்ட நிஜமான எண்ணைக் கேட்டு வைங்க. அதை வச்சுத்தான் அளவு."

அவள் குனிந்தாள். முகத்துக்கு நேரே முகம்.

"சொல்லுங்க. நான் அழமாட்டேன். விழமாட்டேன். சாப்பாடு ரெண்டு கவளம் கூடவே தின்னுக்கறேன். சொல்லுங்க."

அவர் அவளையே பார்த்தார். நம்பலாமா வேண்டாமா என்று பார்க்கிற பார்வை.

"ஒன்பது" என்றார்.

அந்த நொடி டிக்கெட்டம்மாவுக்குள் பளிச்சென்று ஒரு சந்தோஷம் எழும்பியது. அவளுக்கு ஏழு. எனக்கு ஒன்பது!

அடுத்த நொடியே அந்தச் சந்தோஷத்தின் முகத்தைப் பார்த்துவிட்டாள். இப்படியும் ஒருத்தி இருப்பாளா? புருஷன் கட்டிலைக் கடிக்கிறான், இவள் எண்ணில் ஜெயித்துவிட்டேன் என்று பூரிக்கிறாள்!

"ஒன்பது சார்" என்றாள் போனில். குரல் நடுங்கவில்லை.

டாக்டர் அளவு சொன்னார். சிரிஞ்சில் கோடு பார்த்து உறிஞ்சி, கன்னத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். ஒரு சொட்டுகூட வெளியே வழியவில்லை. தலையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மருந்து பிடிப்பதற்குள், கணக்கு சார் சொல்லி, மூன்று மாடியை மூச்சிரைக்க ஏறி நர்ஸ் வந்துவிட்டாள். தலையிலிருந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. நாடி பார்த்தாள், மூச்சை எண்ணினாள், டாக்டரிடம் பேசி இன்னொரு அளவு கொடுத்தாள். முக்கால் மணி நேரத்தில் அவர் விரல்கள் போர்வையை விட்டன. புருவம் விரிந்தது. தூங்கினார். நிஜத் தூக்கம்.

நர்ஸ் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, மேஜையிலிருந்த நோட்டைப் புரட்டினாள். ரெண்டு, ரெண்டு, ரெண்டு.

"நீங்க வரக்கூடாதுன்னுதான் எழுதினேன்" என்றாள் டிக்கெட்டம்மா. "போன்ல தூங்கறாருன்னு சொன்னதும் பொய். முழிச்சுத்தான் இருந்தார்."

சமாதானமாக ஏதாவது சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தாள். நர்ஸின் முகம் சிவந்தது.

"ஆறு நாள் அக்கா! என்மேல கோபம்னா என் வண்டி டயர்ல காத்தைப் பிடுங்கி விட்டிருக்கலாம். வாசல்ல நிக்க வச்சு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் என்ன பண்ணினார்?"

நர்ஸ் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். கோபம் கொஞ்சம் இறங்கினதும் சொன்னாள். "என் தப்பும் இருக்கு. ஆறு நாள் ஒரே எண் வந்தா நானே வந்து பார்த்திருக்கணும். நாற்பது வீடு இருக்குன்னு எனக்கு நானே சாக்கு சொல்லிக்கிட்டேன்."

"கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் என்ன பேசுவீங்க?" கேட்டே விட்டாள் டிக்கெட்டம்மா.

"அதை நான் சொல்லமாட்டேன். அது அவரோட பேச்சு. அவர் எழுந்ததும் நீங்களே கேளுங்க."

எழுந்ததும் கேட்டாள். சாயங்கால வெயில் கட்டிலில் விழுந்திருந்தது. நர்ஸ் கிளம்பப் போனவள், அவர் கண்ணைக் காட்டியதும் மறுபடி உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு விஷயம்தான்" என்றார் அவர். குரல் இப்போது தெளிவாக இருந்தது. "கடைசியில மூச்சு ஒரு மாதிரி ஆகும்போது நீ பயந்துபோய் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுவே. ஸ்ட்ரெச்சர்ல கட்டி, இந்தப் படியில தலைகீழா இறக்குவாங்க. அங்க போனா குழாய், கண்ணாடி அறை, நீ வெளிய, நான் உள்ள. எனக்கு அது வேண்டாம். இங்கயே, இந்தக் கட்டில்லயே போயிடறேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் சிஸ்டரைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"தினமும் நான் ஒரே பதில்தான் சொல்வேன்" என்றாள் நர்ஸ். "அக்காகிட்டச் சொல்லுங்க, அவங்க தாங்குவாங்கன்னு. அவர் 'நாளைக்கு, நாளைக்கு'ன்னுட்டார்."

டிக்கெட்டம்மா நர்ஸைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"எத்தனை நாளா இவங்களுக்குத் தெரியும்?"

"மூணு வாரமா."

"மூணு வாரம்!" எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தாள். "நீங்க எங்க சாகணும்ங்கிறது மூணு வாரமா ஊர் நர்ஸுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நல்லா இருக்குங்க நியாயம்! ரொம்ப நல்லா இருக்கு!"

அவர் சிரித்தார். இந்தத் தடவை கதவு திறந்துதான் இருந்தது. "இதுக்குத்தான் பயந்தேன். சாவைவிட உன் கோபத்துக்கு."

அவளுக்கு அழுகை முட்டியது. அழமாட்டேன் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. விழுங்கினாள்.

"சரி. ஆம்புலன்ஸ் கிடையாது. ஆஸ்பத்திரி கிடையாது." நர்ஸ் பக்கம் திரும்பினாள். "மூச்சு எப்படி மாறும், நான் என்ன செய்யணும், எல்லாத்தையும் எனக்குச் சொல்லிக் கொடுங்க. ஒண்ணு விடாம. அன்னைக்கு நீங்களும் இந்த அறையில இருக்கலாம். ஆனா ஒண்ணு, கையைப் பிடிச்சுக்கப் போறது நான்தான். அதுல பங்கு கிடையாது."

"கேக்கவே மாட்டேன் அக்கா" என்றாள் நர்ஸ்.

அதற்கப்புறம் அவர் பதினொரு நாள் இருந்தார். காலையில் நாலு, மத்தியானம் மூணு, ஒரு நாள் ஆறு. அவள் நேராகக் கேட்டாள், அவர் நேராகச் சொன்னார். ஆறு என்று சொன்ன அன்று அவள் கன்னத்துக்குள் மருந்தை விட்டபின், அவர் கண் முன்னாலேயே உட்கார்ந்து ஒரு தட்டுச் சோற்றையும் தின்று முடித்தாள். நர்ஸ் தினமும் வந்தாள். வரும்போதெல்லாம் டிக்கெட்டம்மாவுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. நர்ஸிடம் மட்டும் ஏதோ ஒரு பழைய லிஃப்ட் கதையை அவர் பாதி சொன்னபோது, "மீதியை என்கிட்டச் சொல்லுங்க" என்று ஸ்டூலை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு மூச்சு மாறியது. நர்ஸ் சொல்லிக் கொடுத்த மாதிரியே. ஒரு மூச்சு, நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு மூச்சு. டிக்கெட்டம்மா எதற்காகவும் போனைத் தேடவில்லை. உதட்டை ஈரப்பஞ்சால் துடைத்தாள். தலையணையைச் சரித்து வைத்தாள். அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

காலையிலேயே வந்துவிட்டிருந்த நர்ஸ் கட்டிலின் கால்பக்கத்தில், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் நர்ஸ் இல்லை. அண்ணனைப் பறிகொடுக்கப்போகிற ஒருத்திதான் இருந்தாள்.

டிக்கெட்டம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். அவள் பார்த்துப் பழகிய எத்தனையோ முகங்களில் ஒன்று. நடிப்பே இல்லாத முகம்.

இடைவெளி நீண்டது. மூச்சு வந்தது. மறுபடி நீண்டது.

"ஏன் அங்கயே நிக்கறீங்க?" என்றாள் எரிச்சலாக. "அந்தப் பக்கம் வந்து உட்காருங்க. இடது கை சும்மாத்தானே கிடக்கு."

நர்ஸ் வந்து உட்கார்ந்தாள்.

வலது கையை டிக்கெட்டம்மா இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.